ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல ஒரு ரோடு

பசங்களா, ஸ்க்ரீன்ல ஒரு கோடு ரொம்ப அழகா, பிசிறில்லாம இருந்தா உடனே அதை சந்தேகப்படுங்க. "கல்பனா ஆன்ட்டிக்கு வயசாயிடுச்சு, எதைப் பார்த்தாலும் சந்தேகம்"னு நீங்க பின்னாடி சிரிக்கிறது எனக்குத் தெரியும். தாராளமா சிரிங்க. இதைக் கேட்டுட்டு சிரிங்க, அவ்வளவுதான்.

இது தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது. நியூ ஜெர்சியில மான்மவுத் ஜங்ஷன்ங்கற ஊர்ல அபார்ட்மென்ட், கொஞ்ச தூரத்துலயே ஆபீஸ். பேப்பர் மேப்பை எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துற ஒரு சின்ன கம்பெனி. அப்ப எங்க பெரிய கிளையன்ட், அப்பலாச்சியன் மலையில இருக்கற ஒரு கவுண்டி, நம்ம ஊர் ஜில்லா மாதிரி. வெஸ்ட் வர்ஜீனியா பக்கம். அங்க வீட்டுக்கு நம்பர் கிடையாது, பாதி ரோட்டுக்குப் பேர் கிடையாது. அவசரம்னு நைன் ஒன் ஒன்னுக்கு ஃபோன் பண்ணா ஆம்புலன்ஸ் எங்க போறதுன்னு தெரியாம முழிக்கும். அதனால அந்த மலை மேப்பை எல்லாம் ஒண்ணாச் சேர்த்து ஒரே மேப்பா குடுங்கன்னு கேட்டிருந்தாங்க. நான் சேர்றதுக்கு முன்னாடியே அது டெலிவரி ஆயிடுச்சு. கேக் கூட வெட்டினாங்களாம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், அது இல்லாம கதை புரியாது. மேப் ஷீட் ஷீட்டா வரும். ஒரு ஷீட்டு ஓரத்துல முடியற ரோடு அடுத்த ஷீட்டு ஓரத்துல தொடரணும். ஆனா ரெண்டு ஷீட்டும் வேற வேற வருஷத்துல, வேற வேற ஆளு வரைஞ்சது. அதனால நுனியும் நுனியும் நேரா வந்து சேராது, ஒரு நூல் தள்ளி நிக்கும். இவ்வளவு தூரத்துக்குள்ள ரெண்டு நுனி இருந்தா சேர்த்துடுன்னு சாஃப்ட்வேர்கிட்ட சொல்லிட்டா, அதுவே இழுத்து முடிச்சுப் போட்டுடும். சேராம தொங்குற நுனிக்கெல்லாம் சிவப்புப் புள்ளி விழும். சிவப்புப் புள்ளியே இல்லாத மேப்தான் நல்ல மேப்னு எங்க தொழில்ல ஒரு பெருமை. கிளையன்ட்டும் அதைத்தான் எண்ணிப் பார்ப்பான். டெட்லைன் கழுத்தைப் பிடிக்கும்போது அந்த தூரத்தைக் கொஞ்சம் தாராளமா வெச்சுட்டா போதும், புள்ளி எல்லாம் மாயமாப் போயிடும். எல்லா கம்பெனியிலயும் பண்ணுவாங்க. நீங்களும் பண்றீங்க, எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் மாசம். அந்தப் பக்கம் மூணு நாலு நாளா விடாத மழைன்னு டிவியில பார்த்திருந்தேன். காலையில வந்து உக்கார்ந்து காபியைக் கையில எடுக்கறேன், ஃபோன் அடிக்குது. கவுண்டியோட எமர்ஜென்சி ஆஃபீசர், டேல்னு பேரு. ஒஹாயோவுல ஃபயர்மேனா இருந்துட்டு அந்த வருஷம்தான் இந்த வேலைக்கு வந்தவர். அவர் இங்கிலீஷ்ல பேசினதை நான் தமிழ்லயே சொல்றேன்.

"மேம், உங்க மேப்புல ஒரு இடத்தைப் பெரிசாக்கி ஃபேக்ஸ் பண்ண முடியுமா? அவசரம்."

"எந்த இடம்?"

"ஹேசல் ஹாலோ. ஹாலோவுக்குப் பின்னாடி மலை உச்சியைத் தாண்டற ரோடு."

ஹாலோன்னா ரெண்டு மலைக்கு நடுவுல இடுக்கு மாதிரி ஒரு பள்ளம். நடுவுல ஓடை, ஓடையை ஒட்டி ஒரு ரோடு, ரோட்டை ஒட்டி வீடுங்க. போக வர ஒரே வாசல்தான். அந்த வாசல்ல இருந்த பாலத்தை முந்தின நாள் வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஊர் ஜனம் பூரா மேல இருக்கற சர்ச்சுல போய் உக்கார்ந்திருக்கு. ஃபோன் லைன் போறதுக்கு முன்னாடி வந்த கடைசி கால்ல இவ்வளவுதான் தெரிஞ்சது. மேகம் கீழே இறங்கிட்டதால ஹெலிகாப்டர் போகாது. அந்த ஜனத்துக்குள்ள ரூபின்னு ஒரு அம்மா, டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க. ஒரு முறை ஏற்கெனவே தவறிப் போச்சு. இன்னிக்கும் தவறினா தாங்காதுன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து டேலுக்கு ஃபோன் மேல ஃபோன்.

"மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆம்புலன்ஸும் ஸ்கூல் பஸ்ஸும் அனுப்பிட்டேன் மேம். உச்சி தாண்டி ஹாலோவுக்குள்ள இறங்கணும். டிரைவருங்க பக்கத்து கவுண்டி, அவங்களுக்கு இடம் பழக்கமில்லை. அவங்க கையில உங்க மேப்தான் இருக்கு. இங்க விசாரிச்சா ஒருத்தர் ஜீப் போகும்ங்கறார், ஒருத்தர் ரோடே கிடையாதுங்கறார். மேப்புல இருக்கே, போகலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

சரி, லைன்லயே இருங்கன்னு சொல்லிட்டு ஸ்க்ரீன்ல அந்த இடத்தைப் பெரிசு பண்ணேன்.

மலை ரோடு எப்படி ஏறும்? வளைஞ்சு வளைஞ்சு, சம உயரக் கோட்டோட ஒட்டிக்கிட்டே ஏறும். இந்த ரோடும் அப்படித்தான் ஏறுது. உச்சிகிட்ட வந்ததும், ரெண்டு ஷீட் சேர்ற கோட்டுல மட்டும், ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி நேரா ஒரு துண்டு. சம உயரக் கோடு அத்தனையையும் குறுக்கே வெட்டிக்கிட்டு இறங்குது. எந்த மனுஷனும் அப்படி ரோடு போட மாட்டான். அது சாஃப்ட்வேர் போட்ட ரோடு.

"டேல், வண்டியை நிறுத்துங்க."

"என்ன?"

"உச்சியில நிறுத்தச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு அடி போக வேண்டாம்னு சொல்லுங்க. காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல ரேடியோவுல சொல்லுங்க!"

உச்சி தாண்டிட்டா ரேடியோ எடுக்காதுன்னு அவரே சொல்லியிருந்தார். அவர் ரேடியோவுல கத்தறது எனக்கு ஃபோன்ல கேக்குது. பதிலுக்கு ஒரே கரகரப்பு. திரும்பக் கத்தறார். கடைசியில ஒரு ஆள் குரல் வந்தது. மேலே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு, அதுக்கு முன்னாடி வந்துட்டிருக்கோம், நிறுத்தறோம்னு சொன்னான்.

நான் கத்தினதுல ஆபீஸே எட்டிப் பார்த்தது. எங்க மேனேஜர் ஓடி வந்தார். அவர் பேர் வேண்டாம், இப்பவும் பக்கத்துல எடிசன் ஊர்லதான் இருக்கார், கோயில்ல பார்த்தா பேசணும். கும்பகோணத்துக்காரர், கெட்டவர் இல்ல, பயந்தவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப் போச்சு.

"கல்பனா, மேப் தப்புன்னு ஃபோன்ல சொல்லிட்டியா?"

"சொல்லாம? வண்டி பள்ளத்துல போய் விழட்டும்னு விட்டுடவா?"

"ஐயோ, அதைச் சொல்லல. சொன்னது சரி. வண்டி நின்னுடுச்சுல்ல? இதோட வெச்சிடு. மிச்சத்தை லாயர் மூலமாப் பேசிக்கலாம். இனிமே நீ வாயைத் திறந்து சொல்ற ஒவ்வொண்ணுக்கும் கம்பெனிதான் பொறுப்பு. அதோட உன் கிரீன் கார்டு வேற நம்ம கம்பெனி மூலமாத்தான் ப்ராசஸ்ல இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

மிரட்டிச் சொல்லல, அக்கறையாத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலா இருந்தது.

ஃபோன்ல டேல் குரல் தளர்ந்து போயிருந்தது. "தேங்க் யூ மேம். அப்ப வண்டியைத் திரும்பி வரச் சொல்லிடறேன். தண்ணி வடியற வரைக்கும் காத்திருக்கறதைத் தவிர வேற வழியில்ல."

இந்த இடத்தைக் கவனிங்க பசங்களா. நான் சரியாத்தான் சொல்லியிருந்தேன். ஃபோனை வெச்சிருந்தா என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. ஆனா ரூபியோட நிலைமை காலையில எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. முடியாதுன்னு சொல்றது நமக்குப் பாதுகாப்பான பாதி. அதைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடத் தோணும், எல்லாருக்கும் தோணும்.

"டேல், திருப்பாதீங்க. எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க."

"அதிகமா முடியாது மேம். அவங்க ஏறி வந்த பக்கமும் தண்ணி ஏறுது. கீழே ஒரு சின்னப் பாலம் இருக்கு, அது மூழ்கிட்டா இவங்களும் மேல மாட்டிப்பாங்க."

கார்ட்லெஸ் ஃபோனைக் கீழே வெக்காம டிராயர் ரூமுக்கு ஓடினேன். அந்த ப்ராஜெக்ட்டுக்காக வாங்கின பழைய மேப்பெல்லாம் அங்கதான் இருந்தது. அதுல ரொம்பப் பழைய எடிஷன் ஒண்ணு. எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி யாரோ குதிரையிலயும் கால்நடையாவும் சுத்தி வரைஞ்சது. பழைய ஷீட்ல என்ன விசேஷம்னா, ஒரு ஷீட்டே இப்போதைய நாலு ஷீட் அளவுக்கு இடத்தைக் காட்டும். புது மேப்புல ஓரத்துல கிழிபட்டு நிக்கிற அந்த உச்சி, பழைய மேப்புல நட்டநடுவுல முழுசா இருந்தது.

மேஜையில விரிச்சேன். மேற்குப் பக்கத்து ரோடு ஹாலோவுல ஏறி, கடைசி வீட்டோட முடிஞ்சு போகுது. கிழக்குப் பக்கத்து ரோடு கல்லறைத் தோட்டத்தோட முடிஞ்சு போகுது. நடுவுல சம உயரக் கோடெல்லாம் நெருக்கியடிச்சு கன்னங்கரேல்னு இருக்கு, அது செங்குத்தான பாறை. எங்க சாஃப்ட்வேர் ரோடு போட்டது அதுக்கு மேலதான். ஆனா கடைசி வீட்டுலேர்ந்து மெல்லிசா ஒரு புள்ளிக்கோடு கிளம்பி, வடக்குப் பக்கமா பாறையைச் சுத்தி, மலைத்தோள் மேல ஏறி, கல்லறைக்குப் போய்ச் சேருது. அது ஒத்தையடிப் பாதை.

மேனேஜர் பின்னாடியே வந்து நின்னு பார்த்தார். "இது எந்தக் காலத்து மேப்! புது ஷீட்ல அந்தப் பாதையே இல்லையேம்மா."

"புது ஷீட் ஏரோப்ளேன் ஃபோட்டோவைப் பார்த்துத் திருத்தினது. மரத்துக்கு அடியில போற பாதை ஃபோட்டோவுல எப்படித் தெரியும்? இல்லாததால எடுக்கல, தெரியாததால விட்டுட்டாங்க."

"அது உன் ஊகம்."

"ஆமா, ஊகம்தான்."

புது ஷீட்டையும் பக்கத்துல போட்டேன். அதுல திருத்தினதெல்லாம் ஊதா கலர்ல இருக்கும். கல்லறைத் தோட்டத்தோட பழைய கறுப்பு எல்லைக்கு வெளியே ஊதாவுல இன்னொரு எல்லை. தோட்டம் பெரிசாகியிருக்கு. அதாவது இன்னும் அங்க புதைக்கிறாங்க. யாரு? கிழக்குப் பக்க ரோட்டுல தேடித் தேடிப் பார்த்தேன், அடிவாரம் வரைக்கும் ஒரு வீடு கூட இல்ல. வெறும் காடு. அப்ப அங்க படுத்திருக்கறவங்க எல்லாம் ஹாலோ ஜனம்தான்.

இங்க வர்றதுக்கு முன்னாடி விழுப்புரம் பக்கம் ரெண்டு வருஷம் சர்வே வேலை பார்த்தவ நான். ஒரு ஊருக்கு அளக்கப் போனா வெட்டுக்குத்து எதுல வரும்னு நினைக்கிறீங்க? மயானப் பாதையிலதான். வாய்க்காலை மூடுவான், களத்தை வளைப்பான், பிணம் போற வழியில கை வெச்சா மட்டும் ஊரே திரண்டு வந்துடும். அந்தப் பாதையை ஜனம் அவ்வளவு சுலபமா விட்டுடாது. இந்த மலையில இருக்கறவனும் மனுஷன்தானேன்னு தோணுச்சு.

"ஹியர்ஸ்னு சொல்ற பிண வண்டியில வெச்சு, மலையைச் சுத்தி கிழக்குப் பக்க ரோட்டுல கொண்டு வருவாங்களா இருக்கும். அந்தப் பாதை புதர் மண்டிக் கிடக்கும்"னார் மேனேஜர். அதுலயும் நியாயம் இருந்தது.

"பெட்டி வேணா வண்டியில வரட்டும் சார். செத்துப் போன அம்மாவைப் பார்க்க ஒரு பொண்ணு போகணும்னா மலையைச் சுத்திக்கிட்டா போவா? வீட்டுக்குப் பின்னாடி ஏறித்தான் போவா."

அவர் என் கையிலேர்ந்து ஃபோனைப் பிடுங்கல. அதுக்கு இன்னிக்கும் அவருக்கு நன்றி சொல்றேன்.

டேல்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உறுதியா தெரிஞ்சது எது, நான் ஊகிக்கிறது எது, ரெண்டையும் பிரிச்சுச் சொன்னேன். ரோடு இல்லங்கறது உறுதி. பாதை இருந்ததுங்கறது உறுதி. இன்னும் இருக்குங்கறது ஊகம். அந்த ஜனம் அந்த வழியா வருவாங்கங்கறது ஊகத்து மேல ஊகம். நீங்களும் எப்பவும் அப்படிப் பிரிச்சுச் சொல்லுங்க. முடிவு எடுக்கப் போறவன் அவன், எதை நம்பி எடுக்கறான்னு அவனுக்குத் தெரியணும்.

"கல்லறைக்கு வடக்கு ஓரத்துல யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்க டேல்."

காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து பொண்ணை கிண்டர்கார்டன்லேர்ந்து பிக் அப் பண்ற நேரம் வேற வந்துடுச்சு. இன்னொரு லைன்ல பக்கத்து அபார்ட்மென்ட் ஜெயா ஆன்ட்டியைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, கொஞ்சம் போய்க் கூட்டிட்டு வந்துடுங்களேன், கேள்வி கேக்காதீங்க"ன்னேன். "என்னடி குரல் இப்படி இருக்கு, சாப்பிட்டியா?"ன்னு அவங்க கேள்விதான் கேட்டாங்க.

டேல் திரும்ப வந்தார். "மேம், வேலியில வடக்குப் பக்கம் சின்னதா ஒரு கேட் இருக்காம். அதுக்கு அந்தாண்ட தரை தேய்ஞ்சிருக்காம். ஆனா கொஞ்ச தூரத்துக்கு மேல மழையில ஒண்ணுமே தெரியலைங்கறாங்க. இறங்கிப் போகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல, அவங்களுக்குப் பாதை தெரியாது."

"இறங்க வேண்டாம். அங்கயே நிக்கட்டும். ஹாரன் அடிக்கச் சொல்லுங்க."

"என்னது?"

"பஸ் ஹாரன், ஆம்புலன்ஸ் சைரன், எல்லாம். விடாம அடிக்கட்டும். கீழே இருக்கறவங்களுக்கு மேல வண்டி நிக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

அப்புறம் சரின்னார்.

அதுக்கப்புறம் போன நேரம் இருக்கே, அதை என்னால சொல்ல முடியாது. நான் பிரசவத்துல கூட அப்படி வேர்த்ததில்ல. டேல் ஒரு தடவை சொன்னார், பாலத்துக்குத் தண்ணி தொட்டுடுச்சு, பஸ் டிரைவர் திரும்பணும்ங்கறான்னு. இன்னும் கொஞ்சம்னேன். திரும்பவும் சொன்னார். திரும்பவும் இன்னும் கொஞ்சம்னேன். என்ன தைரியத்துல சொன்னேன்? மேல நிக்கிறது என் வீட்டு மனுஷங்களா இருந்தா சொல்லியிருப்பேனான்னு மனசு கேக்குது. மேனேஜர் அவரோட டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னாடி வெச்சுட்டு, அவரும் சாப்பிடாம உக்கார்ந்திருந்தார். தயிர்சாதம் அப்படியே காய்ஞ்சு போச்சு.

மூணாவது தடவை டேல் சொன்னார்: "மேம், இனிமே என்னால முடியாது. வண்டியில இருக்கற ஆளுங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். திருப்பச் சொல்லப் போறேன்."

எனக்கு வாதாட ஒண்ணும் இல்ல. "சரி டேல்"னு சொன்னேன்.

அவர் ரேடியோவை எடுத்தார். அந்தப் பக்கத்து ஆள் இவரைப் பேசவே விடல. கத்தறான். என்ன கத்தறான்னு எனக்குப் புரியல, மழையும் ஹாரனும் கரகரப்பும்தான் கேக்குது. டேல், "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு"ங்கறார். அப்புறம் என்கிட்ட வந்தார். அழறாரா சிரிக்கிறாரான்னு தெரியல.

"வர்றாங்க மேம். கேட் வழியா வர்றாங்க. ஊரே வருது. ரூபியை ஒரு கதவு மேல படுக்க வெச்சுத் தூக்கிட்டு வர்றாங்க. சர்ச்சுக் கதவாம், கழட்டிட்டாங்களாம்."

நான் அப்படியே மேப் மேலயே தலையைக் கவிழ்த்துட்டேன். மேனேஜர் ஏதோ கடவுள் பேரைச் சொன்னார்.

பின்னாடி டேல் சொல்லித் தெரிஞ்சது. ரோடு கிடையாதுன்னு அந்த ஜனத்துக்குத் தெரியாதா என்ன? பாலம் போயிடுச்சு, இனி கல்லறைப் பாதைதான் வழின்னு அவங்களே முடிவு பண்ணி, அன்னிக்குக் காலையில கிளம்பியிருக்காங்க. பாதி வழியில மண் சரிஞ்சு கிடந்திருக்கு. ஏறித்தான் என்ன பண்றது, மேல யாரு நமக்காக நிக்கப் போறாங்கன்னு கதவைக் கீழே இறக்கி வெச்சுட்டாங்க. ரூபியே, என்னை விட்டுட்டு நீங்க திரும்பிப் போங்கன்னு சொல்லியிருக்காங்க. அப்பதான் ஹாரன் சத்தம் கேட்டிருக்கு. திரும்பவும் தோள்ல தூக்கிட்டாங்க.

ஆனா அன்னிக்கு ஃபோன்ல எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். டேல், "இருங்க மேம், வெச்சுடாதீங்க, ரூபியை ஆம்புலன்ஸ்ல ஏத்தறாங்க, அவங்க ஏதோ கேக்கறாங்க"ன்னார். ரேடியோவுல அந்த அம்மாவோட குரல். நடுங்குது, ஆனா அதிகாரத்துக்குக் குறைச்சல் இல்ல. டேல் அதை எனக்குச் சொன்னார்.

"இங்க வந்து நில்லுங்கன்னு சொன்னது யாருன்னு கேக்கறாங்க. ஒரு பொண்ணுன்னு சொன்னேன். 'இந்தப் பாதை எங்க ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாதே, அவ யார் வீட்டுப் பொண்ணு?'ன்னு கேக்கறாங்க மேம். நான் என்ன சொல்ல?"

கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். நியூ ஜெர்சியில ஒரு கம்பெனின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லன்னு தோணுச்சு.

"திருக்கோவிலூர் முத்துலிங்கம் பொண்ணுன்னு சொல்லுங்க."

டேல் இன்னொரு தடவை என்னைச் சொல்ல வெச்சுக் கேட்டுக்கிட்டார். அப்புறம் ரேடியோவை அழுத்தி, ஊர்ப் பேரையும் எங்கப்பா பேரையும் உடைச்சு உடைச்சு, தன்னால முடிஞ்ச அளவுக்கு ஒழுங்கா அந்த அம்மாவுக்குச் சொன்னார்.